சபை பாடுவதா, சபைக்குப் பாடிக் காட்டுவதா?

நாகர்கோவில் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை வாலிபர் ஒருவர் கேட்டிருப்பது இது: “எங்கள் ஆலயத்தில் கீர்த்தனை குறைந்து கீபோர்டும் டிரம்ஸும் வந்துவிட்டன. ‘நாம் சீர்திருத்தச் சபை, இதெல்லாம் இங்கே கூடாது’ என்கிறார்கள் பெரியவர்கள். உண்மையில் சீர்திருத்த இயக்கங்கள் ஆலய இசையை என்ன செய்தன?”

உங்கள் பெரியவர்கள் காக்க நினைக்கிற கீர்த்தனையையே, அதாவது கர்நாடக ராகத்தில் அமைந்த தமிழ்ப் பாட்டையே, ஒரு காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் ஆலயத்துக்குள் விட மறுத்தார்கள். ஆகவே அந்தப் பெயரைச் சொல்லி டிரம்ஸை வெளியே நிறுத்த முடியாது. அதே பெயரைச் சொல்லி உள்ளே கொண்டுவரவும் முடியாது. சண்டை எப்போதும் வாத்தியத்தின் பேரில்தான் நடக்கும். அடியில் கிடக்கும் வழக்கு வேறு: ஆலயத்தில் வாய் திறந்து பாடும் உரிமை யாருக்கு?

நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு யாரும் ஆலயத்தில் பாடக் கூடாது என்று விதித்தது. அதே சங்கம், தனிமனிதர் இயற்றிய பாட்டுகளும் வேண்டாம் என்றது. தவறான உபதேசம் பாட்டின் வழியாகப் பரவுகிறது என்ற பயம் அதற்குக் காரணம். பயம் நியாயமானதுதான். ஆனால் மேற்கத்திய சபையில் அதன் பலன் என்ன? இடைக்காலத்தின் முடிவில் இலத்தீன் தெரிந்த குருக்களும் துறவிகளும் பயிற்சி பெற்ற பாடகர்களும் பாட, ஜனங்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

முதலில் வாய் திறந்தவர்கள் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சீர்திருத்தத் தலைவர் லூத்தரின் ஆட்கள் அல்ல. போகீமியாவில் (இன்றைய செக் நாடு), லூத்தருக்கு முந்தைய சீர்திருத்தக்காரர் ஜான் ஹஸ்ஸின் வழிவந்தவர்கள் 1501இலேயே செக் மொழியில் பாட்டுப் புத்தகம் அச்சிட்டுவிட்டார்கள். லூத்தரின் பெயரோடு சேர்ந்த முதல் புத்தகம் 1524இல் வந்தது. அதில் மொத்தம் எட்டே பாட்டு, நான்கு அவருடையவை. அவர் கள்ளுக்கடை மெட்டுகளை எடுத்து ஆலயத்தில் போட்டார் என்று நம் ஊர் கன்வென்ஷன் மேடைகளிலும் சொல்வார்கள். சினிமா மெட்டில் பாட்டு எழுதுகிறவர்களுக்கு வசதியான கதை. அதற்கு ஆதாரம் இல்லை. ஒன்றிரண்டு நாட்டார் மெட்டுகளைத் தொட்டிருக்கிறார், அவ்வளவுதான். பெரும்பாலானவை புதிதாக அமைத்தவை, அல்லது பழைய இலத்தீன் பாட்டைத் திருத்தியவை. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோஸ் எழுதிய வருகைக்காலப் பாடலை லூத்தர் ஜெர்மனாக்கி, மெட்டையும் ஜெர்மன் அசைக்கு ஏற்றபடி வெட்டிச் செதுக்கினார். பழையதைத் தூக்கி எறியாமல் சாமானிய மனிதனின் வாய்க்கு ஏற்றபடி மாற்றுவது அவருடைய வழி.

சூரிக்கில் இருந்த சுவிங்லியின் வழி நேர் எதிர். அன்றைய சீர்திருத்தக்காரர்களிலேயே இசையில் தேர்ந்தவர் அவர். பல வாத்தியங்கள் வாசிப்பார். அவர்தான் ஆராதனையிலிருந்து இசையை முழுவதுமாக நீக்கினார். 1527இல் சூரிக் பெரிய ஆலயத்தின் ஆர்கனை உடைத்தே போட்டார்கள். அந்த நகரத்தில் சபை மீண்டும் பாடத் தொடங்கியது 1598இல். இசையின் வலிமையை அறிந்தவனுக்குத்தான் அதன்மேல் இத்தனை பயம் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவர் கால்வின் இருவருக்கும் நடுவில் நின்றார். பாடலாம், ஆனால் வேதத்தின் வார்த்தைகளை மட்டும், சங்கீதங்களை மட்டும், ஒரே குரலில், வாத்தியம் இல்லாமல். 1539இல் ஸ்டிராஸ்பர்க்கில் தொடங்கிய சங்கீதப் புத்தகம் 1562இல் ஜெனீவாவில் 150 சங்கீதங்களும் நிறைந்து முடிந்தது. அதன் 1551ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த ஒரு மெட்டை நீங்களும் பாடியிருப்பீர்கள்: மேற்கத்திய மெட்டுப் பாட்டுகளின் தமிழ்ப் புத்தகமான பாமாலையில் நூறாம் சங்கீதத்தைப் பாடும் அந்த நிதானமான மெட்டுதான். ஆக, ‘சீர்திருத்தச் சபை’ என்ற பெயரைக் கண்டிப்பாகப் பிடித்தால் கால்வினின் விதிப்படி கீபோர்டு மட்டுமல்ல, ஆர்கன், ஆர்மோனியம், கீர்த்தனை, பாமாலையின் முக்கால்வாசி எல்லாமே வெளியே போகவேண்டும்.

அந்த விதியை உடைத்தவரும் கால்வினின் வழிவந்தவரே. இங்கிலாந்தில் சுயாதீனச் சபையைச் சேர்ந்த ஐசக் வாட்ஸ் 1707இல் தாமே இயற்றிய பாட்டுகளை வெளியிட்டார். தாவீது சுவிசேஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர், அவருடைய வார்த்தையில் மட்டும் நின்றால் கிறிஸ்தவன் தன் சொந்த நம்பிக்கையை எப்போது பாடுவான் என்பது அவர் வாதம். 1719இல் சங்கீதங்களையே கிறிஸ்துவை மனத்தில் வைத்துத் திருப்பி எழுதினார். மனிதன் கட்டிய பாட்டா என்று முகம் சுளித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். பின்னால் வந்த சார்லஸ் வெஸ்லி ஆறாயிரத்துக்கும் மேல் எழுதிக் குவித்தார். கதவு திறந்தது திறந்ததுதான்.

வாட்ஸுக்கும் குமரி மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரான சம்பந்தம் உண்டு. 1795இல் தொடங்கிய லண்டன் மிஷன் சங்கத்தில் பெரும்பான்மையினர் வாட்ஸின் அதே சுயாதீனச் சபையினர். உங்கள் சபைகளின் வேர் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறது. அதன் ஊழியராக 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே ஒரு ஜெர்மானியர், ஹாலே நகரில் படித்தவர். ஹாலே என்றால் ஜெர்மன் லூத்தரன் சபைக்குள் எழுந்த பக்தி மறுமலர்ச்சியின் தலைநகரம். தரங்கம்பாடி மிஷனுக்கு ஊழியர்களை அனுப்பியதும் அந்த ஊர்தான். அங்கே 1704இல் வெளிவந்த பாட்டுப் புத்தகத்தின் மெட்டுகள் பழைய லூத்தரன் பாட்டுகளைவிடத் துள்ளலானவை. ஆராதனையின் கண்ணியத்துக்கு இந்தத் துள்ளல் தாளம் ஆகாது என்று 1716இல் விட்டன்பெர்க் இறையியல் பேராசிரியர்கள் கண்டித்தார்கள். விட்டன்பெர்க், லூத்தர் வாழ்ந்து கற்பித்த ஊர்! உங்கள் பெரியவர்கள் இன்று சொல்கிற வார்த்தை 300 வருடத்துக்கு முந்தையது. அன்று அது ரிங்கல்தௌபே படித்த ஹாலேயை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

இனி நம் மண்ணின் கதை. ரிங்கல்தௌபேயை அழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், தஞ்சாவூரில் கிறிஸ்தவரானவர். தஞ்சாவூர் அன்று தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டின் தலைநகரம். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் அங்கேதான் குறவஞ்சியும் கீர்த்தனையும் பாடிக்கொண்டிருந்தார். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அதற்கு முன்பு தரங்கம்பாடியார் தந்த ஞானப்பாட்டு இருந்தது. ஜெர்மன் மெட்டு மாறாமல் தமிழ் வார்த்தைகளை அடைத்தவை அவை. பப்ரிசியஸ் போன்றவர்கள் அதை அரும்பாடுபட்டுச் செய்தார்கள். சில பாட்டுகள் உண்மையிலேயே உருக்கமானவை. ஆனால் நெடிலைக் குறிலாக்கி, குறிலை இழுத்து, ஜெர்மன் அசைக்குத் தமிழை மடக்கும்போது காது இடறத்தான் செய்யும். சாஸ்திரியார் சங்கராபரணத்திலும் ஆனந்தபைரவியிலும் பாடியபோது ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

1820களில் வந்த புதிய மிஷனரிமார் இதை விரும்பவில்லை. சாதி வேறுபாட்டை ஆலயத்திலிருந்து ஒழிக்கவேண்டும், திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணவேண்டும் என்று நின்றார்கள். கூடவே பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், விசேஷங்களில் பூ கூடாது என்றார்கள், தமிழ்ப் பாட்டு ஆராதனைக்கு ஆகாது என்றார்கள். சாஸ்திரியார் இவை அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி எதிர்த்து எழுதினார். இந்த இடத்தில் யார் பக்கம் சாய்வது என்று எனக்கு இன்னும் கஷ்டம்தான். பாட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. சாதியைப் பொறுத்தவரை மிஷனரிகள் சொன்னது சரி. ஆனால் இரண்டு தரப்புக்குமே இவ்விரண்டும் பிரிக்க முடியாத ஒரே பொருளாகத் தெரிந்தன.

அந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் தெற்குத் திருவிதாங்கூரின் ஜனங்கள் என்பது என் கருத்து. இதைப் பலர் கவனிப்பதில்லை. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா தாமே கீர்த்தனைகள் இயற்றியவர். அவருடைய அரசவை வித்வான்களால் நிறைந்திருந்தது. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மன் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போவதும் அங்கே கச்சேரி நடப்பதும் இன்றுவரை தொடர்கின்றன. ராகம், தாளம் என்பவற்றின் இருப்பிடம் அரண்மனையும் கோயிலும். மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் சபைகளில் கூடியவர்களில் பெரும்பாலானோர் கோயிலுக்குள் கால் வைக்க முடியாதவர்கள். அவர்களுடைய பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கே 1859 வரை போராடவேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல். அதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே இந்த ஜனங்கள், தலைப்பில் ராகமும் தாளமும் அச்சான புத்தகத்தைக் கையில் பிடித்து, ஞாயிறு காலையில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பாடிக்கொண்டிருந்தார்கள். சாஸ்திரியார் சாதி வழக்கத்தோடு சேர்த்துக் காக்க நினைத்த இசையை, சாதியால் தள்ளி வைக்கப்பட்டவர்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். மிஷனரிகளின் சீர்திருத்தம் கேட்ட சமத்துவமும் அதே பாட்டிலேயே நடந்துவிட்டது.

புத்தகம் எப்படி வந்தது? மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் சாஸ்திரியாரின் பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டு, தொகுத்து, 1853இல் அச்சிட்டார். ஆராதனையில் பாடும்படி கீர்த்தனைகள் பரவலாக அச்சேறியது அதிலிருந்துதான். ஒரு மிஷனரி மூடிய கதவை இன்னொரு மிஷனரி திறந்தார். குமரி மண்ணும் பாட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காப்பியமாகப் பாடிய ‘கிறிஸ்தாயனம்’ ஆசிரியர் ஜான் பால்மர் மயிலாடிக்காரர். அவர் எழுதிய கீர்த்தனைகளை எல்லாத் திருமண்டலங்களும் பாடுகின்றன. கல் சிற்பத்துக்கு மயிலாடியை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

கீர்த்தனை சபைக்குப் பொருந்தியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. கச்சேரியில் அது தனி வித்வானின் பாட்டு. ஆலயத்தில் முன்பாடுகிறவர் சரணத்தைப் பாட, சபை பல்லவிக்குத் திரும்பி வரும். எழுத்துத் தெரியாத மூதாட்டிக்கும் பல்லவி மனப்பாடம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், படிக்கத் தெரியாத சபைக்காக ஒருவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்துப் பாடவைத்தார்கள். அங்கே அது மெட்டைத் துண்டு துண்டாக்கியது. கீர்த்தனையில் அந்தத் தொல்லை இல்லை. கால்வின் விரும்பியது சபை முழுவதும் பாடவேண்டும் என்பதுதானே? கால்வின் கனவிலும் நினைக்காத ஆனந்தபைரவியில் அது நடந்தது.

இதே காலத்தில், மயிலாடியிலிருந்து அதிகத் தூரமில்லாத சாமித்தோப்பில், அய்யா வைகுண்டர் (1809–1851) தொடங்கிய வழிபாட்டிலும் உகப்படிப்பு, உச்சிப்படிப்பு என்ற வழிபாட்டுப் பாடல்கள் எல்லோரும் கூடிச் சொல்வனவாகவே அமைந்தன. இரண்டு இயக்கங்களுக்கும் கொள்கையில் ஒட்டுறவு கிடையாது. மிஷனரிகள் அவரைப் போட்டியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் வாய் திறக்க அனுமதி இல்லாதிருந்த ஜனங்கள் இரண்டு இடத்திலும் வாய் திறந்தார்கள்.

அடுத்த அலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1870களில் அமெரிக்கர்களான மூடியும் சாங்கியும் நடத்திய எழுப்புதல் கூட்டங்களிலிருந்து கோரஸ் உள்ள எளிய பாட்டுகள் உலகெங்கும் போயின. பாமாலைக்கும் கன்வென்ஷனுக்கும் வந்தன. 1882இல் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) பம்பாயில் இறங்கியது. தெருவில் பாட்டும் வாத்தியமுமாகப் பவனி போனதற்காக அவர்களைக் கைதே செய்தார்கள். இங்கிலாந்தில் அந்தச் சேனையின் அடையாளம் பித்தளை பேண்டு. நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு அவர்களைக் கேத்தரின் பூத் மருத்துவமனையால் தெரியும், பேண்டாலும் தெரியும். 1907இல் மிசௌரி லூத்தரன் மிஷன் நாகர்கோவிலுக்கு வந்ததால், லூத்தரின் பாட்டு மரபு நேரடியாகவே இங்கே ஒரு வீடு பிடித்தது. உங்கள் சபை 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் சேர்ந்தது. அந்தச் சேர்க்கையால் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் வழக்கங்களும் சுயாதீனச் சபையின் எளிமையும் ஒரே ஆராதனைப் புத்தகத்துக்குள் வந்தன. ஆகவே ‘நம் மரபு’ என்று ஒரே நூலைப் பிடித்து இழுக்க முடியாது. இழுத்தால் நாலு நூல் சேர்ந்து வரும்.

கத்தோலிக்கர் பக்கத்தைப் பேசாமல் விட்டால் பாதிக் கதைதான். சவேரியார் சேர்ந்த இயேசு சபை, மற்றத் துறவிகளைப் போல ஆலயத்தில் கூடிப் பாடும் கடமையைத் தன் உறுப்பினர்களுக்கு வேண்டாம் என்று வைத்த சபை. பயணத்துக்கும் பிரசங்கத்துக்கும் அது தடை என்பது அதை நிறுவிய இக்னாசியாரின் எண்ணம். ஆனால் அந்தச் சபையின் சவேரியார் 1540களில் இந்தக் கரைக்கு வந்து என்ன செய்தார்? மணி அடித்துக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, விசுவாச அறிக்கையையும் கட்டளைகளையும் தமிழிலேயே கூடிச் சொல்லவைத்தார். கோட்டாறு முதல் கரையோரம் வரை அதன் நினைவு இருக்கிறது. ஐரோப்பாவில் கத்தோலிக்க ஆயர்களின் திரிதெந்து சங்கம் 1562இல், ஆலயத்தில் கேளிக்கைத்தனமான இசை கூடாது என்று விதித்தது. திருப்பலி இலத்தீனில் தொடர்ந்தது. தமிழ், திருப்பலிக்கு வெளியே வளர்ந்தது: இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தவக்காலத்துப் பசாம், புலம்பல், மன்றாட்டுமாலை, தேர்ப் பவனிப் பாட்டு.

1903இல் பத்தாம் பயஸ் பாப்பரசர் ஆலய இசையைச் சீர்திருத்தினார்: ஒரே குரலில் பாடும் பழைய இலத்தீன் இசையான கிரகோரியன் இசைக்கு முதலிடம், பியானோவும் முரசு வகைகளும் கூடாது, பாடகர் குழுவில் பெண்கள் கூடாது. அறுபது வருடம் கழித்து, 1963 டிசம்பர் 4இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்டது. கிரகோரியன் இசைக்கு முதலிடம் என்பதை அது நீக்கவில்லை. ஆனால் ஜனங்களின் மொழிக்கும், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசைக்கும் இடம் கொடுத்தது. நம் ஆலயங்களில் அந்த இரண்டாவது பகுதிதான் நடைமுறைக்கு வந்தது, முதல் பகுதி ஏட்டில் கிடக்கிறது. இன்று பாடற்குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். திருவிழாக் கொடியேற்றத்துக்குச் செண்டை மேளம் வருகிறது. பத்தாம் பயஸ் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க அதிக அறிவு வேண்டாம்.

மார்த்தாண்டம் பக்கம் போனால் இன்னொரு அடுக்கு. 1930இல் மார் இவானியோஸ் தலைமையில் கத்தோலிக்க சபையோடு இணைந்த மலங்கரை சபையினருக்கு அங்கே தனி மறைமாவட்டம் உண்டு. சிரியன் வழிபாட்டு மெட்டுகளில் தமிழ் வார்த்தைகளை அங்கே கேட்கலாம். தரங்கம்பாடியார் ஜெர்மன் மெட்டோடு பட்ட பாட்டை இவர்கள் சிரியன் மெட்டோடு பட்டிருக்கிறார்கள். காதுக்கு அது குறைவாகவே இடறுகிறது. இழுத்துப் பாடும் ஓதல் முறையில் அசைக் கணக்கு அவ்வளவு கண்டிப்பில்லை என்பதால் இருக்கலாம்.

பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு வருகிறேன். உங்கள் ஆலயத்துக்கு டிரம்ஸ் வந்த வழி இதுதான். 1906இல் லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஊழியர் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களில் அச்சடித்த ஒழுங்கு கிடையாது. யார் வேண்டுமானாலும் பாட்டைத் தொடங்கலாம், கைத்தட்டலாம். தமிழ் நாட்டில் அந்த இயக்கம் வேரூன்றியபோது பாட்டு குறுகியது, ‘நான்’ என்ற சொல் முன்னுக்கு வந்தது, ராகப் பெயர்கள் தலைப்பிலிருந்து மறைந்தன. பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள் என்ற பயத்தில் நம் சபைகள் அந்தப் பாட்டையே இங்கே கொண்டுவந்தன. இதைச் சபைத் தலைவர்கள் ஒத்துக்கொள்வதில்லை, நடந்தது அதுதான்.

கீர்த்தனையும் கேள்விக்குத் தப்பவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), கர்நாடக இசை மேல்சாதி இசை, ஒடுக்கப்பட்டவர்களின் சபைக்கு அவர்களுடைய நாட்டுப்புற இசைதான் வேண்டும் என்று வாதிட்டு, கிராமிய மெட்டில் ஆராதனை முறையையே அமைத்தார். பறையை ஆலயத்துக்குள் கொண்டுவருவது அவருக்குக் கொள்கை. அவருடைய பாட்டுகளை மதிக்கிறேன். ஆனால் குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை வாதத்தின் முதல் பாதி முழுதாகப் பொருந்தாது. இங்கே நான்கைந்து தலைமுறை ஒடுக்கப்பட்டவர்கள் பாடிப் பாடி அந்த ராகங்களைத் தங்களுடையதாக்கியிருக்கிறார்கள். அதைப் பிடுங்கி மேல்சாதியாரிடம் திருப்பிக் கொடுப்பானேன்?

உங்கள் சபைக்கு வருவோம். டிரம்ஸைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டியின் சத்தம் சபையின் சத்தத்தை விழுங்குவதுதான் புகார். மேடையில் நாலு பேர் மைக்கைப் பிடித்துப் பாட, கீழே முந்நூறு பேர் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றால் அது லவோதிக்கேயா விதிதான். கீபோர்டு மட்டும் புதிது. நான்கு குரலில் அழகாகப் பாடும் பாடகர் குழுவும் அதே குற்றத்தைச் செய்யலாம், பெரியவர்கள் அதை மட்டும் கவனிப்பதில்லை. கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் முதலில் ஸ்ருதியைக் கேளுங்கள். பதிவில் கேட்ட அதே உயரத்தில் வைத்தால் ஆண்களில் பாதிப்பேர் இரண்டாம் வரியிலேயே வாயை மூடிவிடுவார்கள். இரண்டு, மூன்று கட்டை இறக்கினால் போதும். கீர்த்தனை பாடும் நாளில் முதல் பல்லவியை மைக் இல்லாமல் தொடங்கச் சொல்லுங்கள், டிரம்ஸ் சரணத்தில் சேரட்டும். பல்லவி தெரியாத வாலிபர்களுக்கு ஆராதனைக்கு முன் பத்து நிமிடம் ஓய்வுநாள் பள்ளிக் கூடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க, இப்போது புகார் சொல்கிற அதே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். ராகம் அவர்களுக்குத்தான் தெரியும்.